கோல்ஃப் வாசலில் ஒரு தலையாட்டல்

புரட்டாதி மாதம், புதன் இரவு.

தம்பி சிவத்தை இலங்கை ஆமி கொண்டுபோனது ஊர்க் கிணறெல்லாம் வற்றிய வருடம். என் மூத்தவளும் அந்த வருடந்தான் பிறந்தாள். அவள் அடுத்த அறையில் படுத்திருக்கிறாள். போனுக்குள் மெல்லச் சொல்கிறேன், அது எழுதட்டும்.

இன்று மனைவியின் தம்பி யோகன் லண்டன் இல்ஃபோர்டிலிருந்து வந்து, நாடுகள் அணியாக மோதும் கோல்ஃப் போட்டியின் பயிற்சி நாளுக்கு என்னைக் கூட்டிப்போனான். வாசலில் நீள வரிசை. காவலாள் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினான். உள்ளே போ என்றுதான் ஆட்டினான். நான் வரிசையை விட்டு விலகி, ஓரத்தில் போய் நின்றுவிட்டேன்.

சிவத்தைக் கொண்டுபோன அன்று, ஆமிக்காரர் பள்ளிக்கூட மைதானத்தில் எங்களை இப்படித்தான் வரிசையாக நடக்க விட்டார்கள். ஆட்களைக் காட்டிக்கொடுக்க, தலையைச் சாக்கால் மூடிய ஒருவன் அங்கே இருந்தான். அவன் தலையாட்டினால் ஓரத்துக்குப் போக வேண்டும். சிவத்துக்கு ஆட்டினான். சிவம் திரும்பி வரவில்லை.

யோகன் சிரித்தபடி என் கையைப் பிடித்து இழுத்தான்.

"என்ன அத்தான், அண்டைக்கே உங்களுக்கு ஆட்டேல்லை. ஒத்தைச் செருப்போட பேசாமல் நடந்து போனீங்கள். இண்டைக்கு என்ன பயம்? வாங்கோ."

அந்த ஒற்றைச் செருப்பை நான் யாருக்கும் சொன்னதில்லை. அன்று கொழும்பில் நின்றதாகத்தான் யோகன் இவ்வளவு காலமும் சொன்னவன்.

"ஓம், வாறன்" என்றேன். கயிற்றோரம் நின்று பார்த்தோம். ஒவ்வொரு நல்ல அடிக்கும் அவன் மெல்லத் தலையாட்டினான்.

அன்று அந்த வரிசையில் நடந்த எல்லோரையும் எனக்குத் தெரியும், யோகன் அதில் இல்லை; நான் முகம் காணாதவன் சாக்குக்குள் இருந்தவன் ஒருவன்தான்.