வால்வை மெதுவாக மூடியவனுக்கு

உன்னைக் கொன்றது கம்பெனி. குழாய் உடைந்தது அதற்குப் பிறகுதான்.

இன்று காலை ஒடுகத்தூர் பக்கம் புதிய குடிநீர்க் குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். ஃபிட்டர் ஒருவர் வால்வைச் சட்டென்று மூடிவிட்டார். சம்மட்டியால் அடித்தது போல ஒரு சத்தம். குழாய் துள்ளி அடங்கியது. அவர் சிரித்தார். எனக்கு நீதான் நினைவுக்கு வந்தாய்.

பாலிடெக்னிக்கில், குழாய்த் தண்ணீரின் வேகம் திடீரென்று மாறினால் என்ன ஆகும் என்று சொல்லும் 'நிலையற்ற ஓட்டம்' கடைசிப் பாடம். "பரீட்சைக்கு வராது" என்று சார் புத்தகத்தை மூடிவிட்டார். எனக்கு அதைப் புரியவைத்தவன் நீதான், மாதனூர் பஸ்ஸின் நெரிசலில், உன் முழங்கை என் விலாவில் குத்திக்கொண்டிருந்தபோது.

"சடன் பிரேக் போட்டா இன்னா ஆவுது மச்சான்? எல்லாரும் முன்னாடி போயிட்டு அதே வேகத்துல நம்ம மேல வந்து விழறாங்க இல்ல? ஓடற தண்ணியும் அப்டிதான். டக்குனு மூடினா திரும்பி வந்து அடிக்கும்."

தோல் கம்பெனியில் உனக்குப் பம்ப் ஹவுஸ் வேலை கிடைத்தது. கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ள வேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, பிறகுதான் மோட்டாரை நிறுத்துவாய். அதுவரை கம்பெனி பஸ் வாசலில் நிற்கும். ஜன்னலிலிருந்து அக்காக்கள் கத்துவார்கள்.

"இன்னா தம்பி, பால் கறந்துட்டு வர்றியா?"

"ஆமாக்கா, உதைக்கிற மாடு. நைஸா தான் விடணும்."

அந்தப் பதிலை என்னிடம் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்பாய்!

தண்ணீர் திரும்பி வந்து அடிக்கும் அடியைத் தாங்க, குழாயோடு ஒரு காற்றுத்தொட்டி வைத்துத் தரும்படி சூப்பர்வைசரிடம் கேட்டாய். "ஜாஸ்தி படிச்சிட்டியா?" என்றார். பஸ் தாமதமாவதுதான் அவருக்குப் பிரச்சினை. அதை நிறுத்தி வைத்தால் மேலே அவர் பதில் சொல்ல வேண்டும். பைப்பைப் பற்றி யாரும் அவரைக் கேட்பதில்லை.

உன் கடைசி நாள் சாயங்காலம் பஸ் டிரைவர் ஹார்னில் வைத்த கையை எடுக்கவேயில்லையாம். சூப்பர்வைசர் பம்ப் ஹவுஸ் வாசலில் நின்று, "சீக்கிரம் மூடுடா, இல்ல நடந்தே போ" என்று கத்தினாராம். நீ வால்வுச் சக்கரத்தை வேகமாகச் சுற்றினாய். போன தண்ணீர் திரும்பி வந்து மோதியதில் உன் பக்கத்திலிருந்த குழாய் இணைப்பு பிய்ந்து, குழாய் உன் மார்பில் அடித்தது. அதே கம்பெனியில் ஷூ தைக்கும் உன் தங்கை அந்த பஸ்ஸில்தான் உட்கார்ந்திருந்தாள். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவள்தான்.

'ஆபரேட்டர் அவசரப்பட்டுவிட்டார்' என்று கம்பெனி சொல்லிவிட்டது. இப்போது அதே அக்காக்கள் அவளிடம், "உங்கண்ணன் கொஞ்சம் பொறுமையா மூடியிருக்கலாம்மா" என்கிறார்களாம். கோபமாகத்தான் வருகிறது. ஆனால் விடிவதற்கு முன் எழுந்து பஸ் பிடிக்கிறவர்களை நான் என்ன திட்டுவது? சத்தமாகச் சொல்லப்பட்டதைத்தான் அவர்கள் நம்புகிறார்கள்.

இன்று என் ஆட்கள் எல்லோரையும் நிற்கவைத்து உன் பஸ் கதையைச் சொன்னேன். வால்வை மறுபடி திறந்து மெதுவாக மூடவைத்தேன். நேரம் போகிறது என்று மேஸ்திரி முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும். நீ சொல்லித்தந்ததில் என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த நிதானம் மட்டும்தான். அதை யாருக்காகவும் விடுவதாக இல்லை.

மதியம் உன் தங்கையைக் கூட்டிக்கொண்டு உங்கள் கம்பெனி மேனேஜரிடம் போனேன். "இன்னா உதவி வேணும்னாலும் கேளுங்க" என்றார் இரக்கமாக. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"எங்கண்ணன் அவசரப்படல சார். நீங்கதான் அவசரப்படுத்தினீங்க. நாளைக்கு ஷிஃப்ட் வுடறப்ப பஸ்ஸு முன்னாடி நின்னு, எல்லார் காதுலயும் விழறா மாதிரி இத நீங்களே சொல்லணும்."

மேனேஜர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"சொல்வீங்களா சார்?" என்றாள்.