எட்டாம் பாத்திக் குருவிகள்

நவம்பர் 9, 1936
தூறல். துணி காயவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு நாற்பத்தொன்று, திருத்தியது பன்னிரண்டு. வாங்க: மண்ணெண்ணெய், வெந்தயம், பேனா நிப்பு.

உகாண்டாவிலிருந்து கடிதம் இல்லை. ஐந்து வாரம். கல்யாணமாகி ஏழு மாதத்தில் கப்பல் ஏறினார். இரண்டே முக்கால் வருஷம் ஆகிறது. ராகி ஆராய்ச்சியாம். லண்டன் சங்கத்துப் பணம். இங்கிலாந்துக் கல்லூரி ஒன்று, உகாண்டாப் பண்ணை ஒன்று, விதைத்துப் பார்க்க நம் ஜலகண்டாபுரம் ரோட்டுப் பண்ணை. பணம் தை மாதத்தோடு தீர்கிறது. கதிர் கருகாத ராகி இரண்டு பண்ணையில் ஒன்றிலாவது தேறினால் இன்னும் இரண்டு வருஷம் கொடுப்பார்களாம். இரண்டிலும் தேறாவிட்டால் அவர் வீடு வந்து சேருவார்.

தேறக்கூடாது. எழுதியே விட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் பங்குச்சாமியிடம் சொல்ல வேண்டுமா? பத்துக் கட்டளையில் இது எதில் வரும்?

நவம்பர் 14, சனி
மழை விட்டது. அஸ்தம்பட்டியிலிருந்து பண்ணைக்கு பஸ். டயர் பஞ்சர், ஒரு மணி நேரம் வெயில். சனிக்கிழமை தோறும் மேனேஜருக்கு இங்கிலீஷில் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. இன்று மேனேஜர் ஊரில் இல்லை. காவலுக்கு இருந்த பழனியம்மாள் மட்டும், கண்ணெல்லாம் சிவந்து.

"ஏனுங் டீச்சரம்மா, ஒடம்பு அனலாக் காயுதுங்க. ஊட்டுக்குப் போயி ஒருவா கஞ்சி குடிச்சுப்போட்டு வாரேனுங்க. அதுவரைக்கும் குருவிய மட்டும் பாத்துக்குங்க சாமி."

தகரத்தையும் குச்சியையும் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் தனியாக. பன்னிரண்டு பாத்தி. எட்டாவதுதான் நன்றாக வந்திருக்கிறது, அவர் அனுப்பிய விதை. பக்கத்தில் நம் ஊர் ராகி பாதி கருகிக் கிடக்கிறது.

குருவி வந்தது. முதலில் நாலைந்து, பிறகு ஒரு கூட்டம். எட்டாம் பாத்தியிலேயே இறங்கியது. நான் தட்டவில்லை. மடியில் தகரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வரை சும்மா இருந்தால் போதும், மாசியில் அவர் வந்துவிடுவார். யார் கேட்கப் போகிறார்கள்?

பாத்தித் தலைப்பில் குச்சி. அதில் அவர் விதை எண் எழுதி அனுப்பிய சீட்டு. அவர் 7 போட்டால் கழுத்து நீண்டிருக்கும், மழையில் நனைந்தும் தெரிகிறது. அதன் மேலேயே ஒரு குருவி உட்கார்ந்து கொறித்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்தபிறகு உட்கார முடியவில்லை. எழுந்து தட்டினேன். பழனியம்மாள் திரும்பும்வரை தட்டினேன். தோள் வலி. முட்டாள்.

நவம்பர் 28
அறுவடைக் கணக்கு நகல் எடுத்தாயிற்று. ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. மாற்ற நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மேனேஜர்: "உங்க ஊட்டுக்காரர் அனுப்பின வெதைதானுங்க டீச்சரம்மா! லண்டன்காரன் பாத்தான்னா வாயப் பொளப்பான்."

சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். தலைவலி என்று சோறு வேண்டாமென்று விட்டேன்.

டிசம்பர் 25
பூசை. புதுப் புடவை, இளம்பச்சை. யார் பார்க்க? அவருடைய நீலச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து மோந்து பார்த்தேன். பூச்சி உருண்டை வாசம்தான் வருகிறது.

பிப்ரவரி 13, சனி
வெயில் ஏறுகிறது. பண்ணையில் லட்டு. லண்டன் தந்தி வந்துவிட்டதாம்.

மேனேஜர்: "ரெண்டு வருசத்துக்குப் பணம் குடுத்துட்டாங்க! உகாண்டாவுல பயிர் பூராம் குருவி தின்னு போச்சாமா. நம்ம எட்டாம் பாத்தியப் பாத்துத்தானுங்க குடுத்திருக்காங்க."

லட்டு தின்றேன். முந்திரி இருந்தது. நீலச் சட்டையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

பிப்ரவரி 19
காலைத் தபாலில் கடிதம். ஜனவரி முதல் வாரம் எழுதியது.

"லூர்து, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கதிர் முற்றும் நேரத்தில் காவல் ஆட்களை நாலு நாள் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டேன். குருவி தின்றது. தின்னட்டும் என்றுதான் விட்டேன். அங்கே மழையில்லாமல் பயிர் வாடுகிறது என்று ஆடியில் நீ எழுதியிருந்தாய். அதனால் இரண்டு பக்கமும் தேறாது. எனக்கு இங்கே இருக்க முடியவில்லை. மாசியில் கப்பல். என் நீலச் சட்டையை வெயிலில் போட்டு வை."

மூன்று தரம் படித்தேன். லண்டன் தந்தி இதற்குள் அவருக்கும் போயிருக்கும். பதில் எழுத உட்கார்ந்தேன். தகரம் தட்டியது நான்தான் என்று எழுதவில்லை. சட்டையை வெயிலில் போட்டிருக்கிறேன் என்று மட்டும் எழுதினேன். போட்டும் இருக்கிறேன்.