அந்தத் திரையை எடுத்தவர்கள் உன் பெயரைக் கேட்கிறார்கள்

சண்டை என்றால் முதல் ஆளாக வந்து நிற்கும் என் தேவகி அக்காவுக்கு,

நீ இல்லாத நேரம் பார்த்து உன்னைப் பாராட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நயமாகப் பேச எனக்கு வராது, உனக்கே தெரியும்.

போன மாதம் உன் பல்கலைக்கழகத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். ஆட்டம் ஆடும் செயற்கை நுண்ணறிவில் நீ ஒரு முன்னோடி என்று உன் துறைத் தலைவர் மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோற்கிற மெஷினுக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று கேட்டு உன் ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்தவர் அதே மனிதர்தானே? அன்றைக்கு நீ சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. நான் கைதட்டவில்லை. பக்கத்தில் இருந்த அப்பா முறைத்தார். அப்படியும் தட்டவில்லை.

இதை உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

கட்டம் போட்ட பலகையில் காய் தாண்டிக் காய் வெட்டுகிற டாம் ஆட்டத்தைத்தான் நீ ஆராய்ச்சிக்கு எடுத்தாய். சொந்தக்காரர்களுக்கு அது பெரிய வேடிக்கை. மூவாரில் ஒரு கல்யாணத்தில் மாமா கேட்டாரே, "டாக்டர் பட்டத்துக்குப் படிச்சிட்டு கேம் விளையாடுறியாம்மா?" என்று. "இல்ல மாமா, மெஷினுக்கு விளையாடக் கத்துக்குடுக்குறேன். நீங்களும் வாங்களேன், ஈசியா தோக்குற ஆளு ஒண்ணு வேணும்" என்றாய். பந்தியே சிரித்தது. மாமா பாயசத்தைத் தொடவில்லை.

பட்டம் வாங்குவதற்கு முன்பே உன் நிரலை வெல்ல ஆள் இல்லாமல் போனது. மற்றவர்கள் அதோடு நிறுத்தியிருப்பார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு நீ அதைத் தலைகீழாகத் திருப்பினாய். மூவாரில் நாற்காலி, மேசை செய்யும் தொழிற்சாலையில் இருந்த காலத்தில் அப்பா டாம் ஆட உட்கார்ந்தால் யாரும் அசைக்க முடியாது. வலது கைக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று டேப்லெட்டில் உன் நிரலைப் போட்டுக் கொடுத்தாய். ஒவ்வொரு ஆட்டமும் தோற்றார். கடைசியில் டேப்லெட்டைச் சோபாவில் வீசிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெயிப்பதைவிட எதிராளிக்குச் சமமாக ஆடுவதுதான் கடினம் என்று நீ அதற்குப் பிறகு கண்டுகொண்டாய். சும்மா முட்டாள்தனமாகக் காயை இழந்தால் ஆள் கண்டுபிடித்துவிடுவார். மனிதன் செய்யக்கூடிய தவறாக இருக்க வேண்டும், சரியான இடத்தில் வர வேண்டும். இதற்கே உனக்குப் பல வருடம் போனது. அப்பா ஜெயிக்க ஆரம்பித்தார், கையும் மெல்ல அசைந்தது. நாம் வாயை மூடிக்கொண்டு சந்தோஷப்பட்டோம்.

ஆனால் அவர் பழைய ஆட்டக்காரர் இல்லையா?

"ஏம்மா, இது எனக்கு விட்டுக்குடுக்குதா?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். "ஆமாப்பா."

"குடுக்கட்டும். ஆனா சொல்லிட்டுக் குடுக்கச் சொல்லு. நான் என்ன பச்சப்புள்ளையா?"

அந்தத் திரையை அந்த வாரமே எழுதினாய். ஆட்டம் முடிந்ததும் நிரல் தானாகவே சொல்லிவிடும்: இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுத்தேன், இங்கே நீங்களாகவே என்னை மடக்கினீர்கள். அப்பா அந்த இரண்டாவது வரிக்காகவே ஆடினார். உன் ஆராய்ச்சியின் உயிரே அந்தத் திரைதான் என்று நான் நினைக்கிறேன். நீயும் அப்படித்தான் நினைத்தாய்.

பிறகு உனக்கு டெங்கி வந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

இப்போதைய கதைக்கு வருகிறேன். உன் நிரலின் உரிமையைப் பல்கலைக்கழகம் ஒரு கேம் கம்பெனிக்கு விற்றுவிட்டது. அது சட்டப்படி அவர்களுடையது, நான் ஒன்றும் செய்ய முடியாது. உன் பெயரையும் முகத்தையும் பயன்படுத்த மட்டும் நம் குடும்பத்தின் சம்மதம் வேண்டுமாம். பிரகாஷ் என்று ஒருவர், கம்பெனி மேலாளர், நம் ஆள்தான், பெர்மாஸ் ஜெயாவில் வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே என்னைச் சந்தித்தார்.

"பசியாறிட்டீங்களா தம்பி? உங்க அக்கா பேரு இனிமே எல்லாரு கைபோன்லயும் இருக்கும் லா" என்றார். "ஆட்டத்துல எதிராளியே தேவகிதான். சிரிச்ச முகம். நாங்க அவ்ளோ மரியாதை வச்சிருக்கோம்."

மாதிரி ஆப்பை அவரிடம் கேட்டு என் கைபோனில் ஏற்றி, அங்கேயே ஆடிப் பார்த்தேன். முதலில் சுலபமாக ஜெயிக்க விட்டது. அப்புறம் ஒரு காய் வித்தியாசத்தில் தோற்கடித்தது. தொடர்ந்து ஆட வேண்டுமென்றால் டோக்கன் வாங்கச் சொன்னது. டோக்கன் வாங்கினால் மறுபடி ஜெயிக்க விடுகிறது. அப்பாவின் கையை அசைக்க நீ எழுதிய அதே கணக்கு, அக்கா! திரையை மட்டும் காணவில்லை.

"அந்தத் திரைய எதுக்கு எடுத்தீங்க?"

"அலமாக், ஜெயிச்சவன்கிட்ட போயி நான்தான் விட்டுக்குடுத்தேன்னு சொல்லுவாங்களா? ஃபீலே போயிரும் தம்பி. அப்புறம் எவன் டோக்கன் வாங்குவான்?"

"எங்க அக்கா சொல்லுவா."

"அவங்க ஆராய்ச்சி பண்றவங்க. இது பிஸ்னஸ் லா."

எனக்குக் கோபம் வந்தது உன் நிரலை விற்றதற்காக இல்லை. நிரல் இனி உன் முகத்தோடு பொய் சொல்லும். நோயில் கிடந்த மனிதரிடம்கூடப் பொய் சொல்ல மறுத்தவள் நீ. உன்னைச் சிரிக்க வைத்து ஊர்ப்பட்ட ஆட்களை ஏமாற்றப் போகிறார்கள். அதற்குப் பெயர் மரியாதையாம்!

ஆனால் பிரகாஷ் எனக்கு முன்பே அப்பாவிடம் பேசியிருந்தார். அப்பா சட்டை தேய்த்து வைத்துவிட்டார். "வெளியீட்டு விழாவுக்கு முன் வரிசையில சீட்டாம்டா. என் மக பேரு எல்லாரு கையிலயும் இருக்கும்" என்றார். நீ போன பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. அதை அணைப்பதற்கு நான் யார்? ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற வழியில் காஸ்வே பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு நெரிசலுக்குள் நிற்கும்போதெல்லாம் உன்னோடுதான் வாதாடிக்கொண்டிருந்தேன். நீயாக இருந்தால் முதல் நாளே போட்டு உடைத்திருப்பாய், இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கைபோனை அப்பாவிடம் கொடுத்தேன். "ஆடிப் பாருங்கப்பா" என்றேன், வேறொன்றும் சொல்லவில்லை. உன் முகத்தைப் பார்த்ததும் விரலால் திரையைத் தடவினார். பிறகு ஆடினார். ஜெயித்தார். "அபாரம்! உங்களை என்னால் வெல்லவே முடியவில்லை!" என்றது உன் முகம்.

அப்பா காத்திருந்தார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்பா. அத எடுத்துட்டாங்க."

மறுபடி ஆடினார். மறுபடி ஜெயித்தார். அதே பாராட்டு. கைபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"என் மக இப்படிப் பேச மாட்டாளே."

பிரகாஷுக்கு என்னைப் போன் போடச் சொன்னார். அப்பாவுக்குப் பேச்சு இன்னும் குழறும், எதிரில் இருப்பவர் பொறுமையாகக் கேட்க வேண்டும். பிரகாஷ் பொறுத்துக் கேட்டுக்கொண்டார். அப்பா சொன்னது இதுதான்: "தம்பி, என் மக என்கிட்ட ஒரு தடவகூடப் பொய் சொன்னதில்ல. செத்த பொறவு சொல்ல வைக்காதீங்க. பேரும் வேணாம், படமும் வேணாம்."

பேர் இல்லாவிட்டாலும் ஆப் வரும் என்றார் பிரகாஷ். அது உண்மைதான். சிரித்த முகத்தோடு வேறு ஒரு பெண்ணைப் போடுவார்கள். குடும்ப விஷயம், வெளியே பேச வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அதனால்தான் இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கிற இடத்தில் போடுகிறேன்.

அப்பா அன்று இரண்டு வேளையும் சரியாகச் சாப்பிடவில்லை. சட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டார். நான் செய்தது சரிதானா அக்கா? உன் பெயரைக் காப்பாற்றிவிட்டேனா, இல்லை அப்பாவிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்டேனா?

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். உன் கட்டுரைகளில் கணக்கு முழுதும் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. அதை வைத்து, அவர்கள் ஆப்பில் ஆடி முடித்த ஆட்டத்தை உள்ளே போட்டால் எங்கே விட்டுக்கொடுத்தது, எங்கே ஆடியவர் தானாக மடக்கினார் என்று சொல்லும் சின்ன நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பாதியில் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன், கேட்க நீ இல்லை. இருந்தாலும் முடிப்பேன். முடித்ததும் முதல் ஆட்டத்தை அப்பாதான் போட்டுப் பார்ப்பார். அதில் அவர் தானாக ஜெயித்தது ஒரு நகர்வுதான் என்றாலும், அந்த ஒன்றை அவருக்குக் காட்டுவேன்.

உன்னோடு வாதாடி ஒருமுறையும் ஜெயிக்காத தம்பி,
குமரன்