சொட்டு விடாத கிண்ணம்

பிப்ரவரி 3

இன்றும் செல்கள் செத்துவிட்டன. பன்னிரண்டு கிண்ணங்களில் ஒன்பது. மிச்சம் மூன்றும் குற்றுயிர்.

தாடி மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலிலேயே நின்றார். துறைத் தலைவர் அல்லவா, முன்பு உடைந்த நாற்காலிகள் கிடந்த இந்த அறைக்குள் அவர் கால் வைப்பதில்லை. "என்னம்மா, பாசி பேசிச்சா?" இரண்டு வருடமாக இதே கேள்வி. குளத்துப் பாசியில் ஒரு புரதம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் கதவு மாதிரித் திறக்கும். அதன் மரபணுவை எலியின் நரம்புச் செல்லுக்குள் வைத்து நீல வெளிச்சம் காட்டினால் அந்தச் செல் துடிக்க வேண்டும். மின்சாரம் பாய்ச்சாமல், வெறும் வெளிச்சத்தால் ஒரு நரம்பை எழுப்பலாம். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு வெட்கமெல்லாம் தீர்ந்துபோயிற்று.

மார்ச் 31க்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் நீட்டினார். அவருடைய புது மைக்ராஸ்கோப்புக்கு இடம் வேண்டுமாம். அதற்குள் ஒரு செல்லாவது துடித்தால் அறை ஒதுக்கும் குழு மறுபடி யோசிக்குமாம்.

பிப்ரவரி 4

செல் வளர்ப்பது டெக்னீஷியன் அக்கா. மனசுக்குள் அவருக்கு நான் வைத்த பேர் நிதானம். தீப்பிடித்தாலும் நடந்துதான் போவார். அவர் வளர்ப்பில்தான் கோளாறு, சந்தேகமே இல்லை. கவனக்குறைவு என்று எழுத்திலேயே புகார் கொடுத்துவிட்டேன்.

நகலைப் படித்துவிட்டு, "சொட்டு விட்ட மறுநாள்தான் சாவுது மேடம்" என்றார். பழைய பாட்டு. வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த அந்தச் சொட்டு இல்லாவிட்டால் புரதத்துக்கு வெளிச்சமே தெரியாது. பாசி அதைத் தானே தயாரித்துக்கொள்ளும், மூளைச் செல்லில் கிடையாது. எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதனால் நானே என் கையால் விடுகிறேன். புத்தகமெல்லாம் பொய்யா அக்கா, என்று கேட்டேன். கையுறையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 12

அத்தான் விளக்கு செய்து கொண்டுவந்தார். கூடப்பிறந்த அக்காவின் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனாக இருப்பதில் இப்படி ஒரு லாபம். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, இரண்டிலும் சூடு ஒரே அளவு. செல் துடித்தாலும் அது விளக்கின் சூடுதான் என்று தாடி இப்போதே சொல்லி வைத்திருக்கிறாரே, அந்த வாயை அடைக்க. நீலத்துக்கு மட்டும் துடித்தால் சூட்டின் மேல் பழி போட முடியாது.

"இவ்ளோ படிச்சிட்டு, ஸ்விட்ச் போட்டா வேலை செய்யணும், அவ்ளோதானே உனக்கு வேணும்?" என்றார் அத்தான். ஆமாம். அவ்வளவுதான்.

பிப்ரவரி 19

அறையை அளக்க டேப்போடு ஆள் அனுப்பியிருக்கிறார் தாடி. நான் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே! மாடிக்கு ஏறிப் போய் வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அறையைப் பிடுங்கினால் மாடிப்படிக்குக் கீழே மேசை போடுவேன் என்றேன். "அங்க தூசிம்மா" என்றார். தூசியில உக்காருவேன். என்ன பண்ணிடுவார்? நான் போக மாட்டேன். போகவே மாட்டேன்.

பிப்ரவரி 20

கோபம் ஆறவில்லை.

பிப்ரவரி 21

டப்.

செல்லுக்குள் ஒட்டுக்கேட்கும் ஊசியை வைத்து நீல விளக்கைத் தட்டினேன். ஸ்பீக்கரில் டப். மறுபடி தட்டினேன். டப். பத்து தடவை தட்டினேன், பத்து தடவையும் பதில் சொன்னது. சிவப்புக்கு மூச்சே இல்லை. மரபணு வைக்காத செல் நீலத்துக்கும் அசையவில்லை. பன்னிரண்டு கிண்ணங்களில் பதினொன்று உயிரோடு இருக்கின்றன!

உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான், வேறென்ன.

பிப்ரவரி 22

சொட்டுப் புட்டி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. புதுப் புட்டி. மூடியின் முத்திரை பிரிக்கவில்லை.

பழைய புட்டி போன வாரமே தீர்ந்தது. இந்தக் கிண்ணங்களுக்கு 19ஆம் தேதி விட்டிருக்க வேண்டும். அன்றைக்குத்தான் சண்டை. கோபத்தில் மறந்தே போய்விட்டேன்.

அப்படியானால் அந்தப் பொருள் மூளைச் செல்லிலேயே இருக்கிறது. புத்தகமெல்லாம் தப்பு. அப்படியானால் — இரண்டு வருடமாகச் செல்களைக் கொன்றது யார்? நான்தான். என் சொட்டு. அவங்க சொன்னாங்க. ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் எழுத்துல புகார் குடுத்திருக்கேன்.

சே.

மார்ச் 12

மன்னிப்புக் கேட்ட அன்று நிதானம் "நான் அப்பவே சொன்னேன்" என்றுகூடச் சொல்லவில்லை. "கிண்ணத்துல நம்பர் நான் போடறேன். எதுல சொட்டு இருக்குன்னு உங்களுக்குத் தெரிய வேணாம். நீங்க துடிக்குதான்னு மட்டும் பாருங்க" என்றார். நான் யோசித்திருக்க வேண்டியது.

நாற்பது கிண்ணங்கள். எந்த நம்பரில் சொட்டு என்று அவர் எழுதி வைத்த பட்டியலை இன்று பிரித்தோம். சொட்டு விடாத இருபதில் பதினெட்டு துடித்தன. சொட்டு விட்டதில் பதினான்கு செத்துவிட்டன.

மார்ச் 14

தாடி முதல் தடவையாக உள்ளே வந்தார். டப் கேட்டார், நான் சொட்டை மறந்த கதையையும் கேட்டார். விளக்கைத் தானே தட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.

"மறந்துட்டேன்னு எழுதாதம்மா. சொட்டு தேவையான்னு சோதிச்சோம்னு எழுது. கவனக்குறைவுன்னு குழு நினைச்சிட்டா அறை போச்சு."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். ஆசையாகவும் இருந்தது. ஒரு வரிதானே? ஆனால் செத்த செல்களுக்கெல்லாம் காரணம் கேட்பார்கள். நிதானத்தின் பேர்தான் அங்கே எழுதிக் கிடக்கிறது. கவனக்குறைவு அவருக்கு, புத்திசாலித்தனம் எனக்கா? முடியாது சார் என்றேன்.

மார்ச் 27

குழு. நின்றுகொண்டே சொன்னேன். மறந்தது நான். இரண்டு வருடம் செல்களைக் கொன்றதும் நான். புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தை மேசையில் வைத்தேன்.

"இவ்ளோ மறதி உள்ளவங்களுக்கு எதுக்கு அறை?" என்றார் ஒருவர்.

நீலத்துக்குத் துடிக்குது, சிவப்புக்குத் துடிக்கல. அதுல என் மறதி எங்க சார் வந்துச்சு? இதையும் சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மார்ச் 31

அறை போச்சு. தாடி சொன்னது சரிதான், மாடிப்படிக்குக் கீழே ஒரே தூசி. அத்தான் விளக்கோடு அங்கே நின்று தும்மிக்கொண்டிருந்தார். நிதானம் வந்து எங்களைத் தன் வளர்ப்பு அறைக்குக் கூட்டிப்போனார். பாதி மேசையைத் துடைத்து வைத்திருந்தார்.

"இங்க வச்சிக்கோங்க மேடம். ஆனா கேக்காம எதையும் தொடாதீங்க."

சரிக்கா என்றேன்.

செப்டம்பர் 9

கட்டுரை வெளிவந்துவிட்டது. "கட்டுரையாளரின் மறதியால் சொட்டு விடுபட்டது" என்ற வரியை எடுக்கச் சொல்லிப் பத்திரிகையிலிருந்து மூன்று கடிதம் வந்தது. எடுக்கவில்லை. தலைப்புக்குக் கீழே, எழுதியவர்கள் என்று இரண்டு பெயர்கள். இரண்டாவது நிதானத்தின் சொந்தப் பேர்.

நவம்பர் 17

தாடி வந்தார். "நாலு கிண்ணம் குடும்மா. நாங்களும் செஞ்சு பாக்கறோம்."

அவங்களைக் கேளுங்க சார், என்று கையைக் காட்டினேன். நிதானம் கையிலிருந்த வேலையை முடிக்கும்வரை அவரை நிற்க வைத்தார். பிறகு வெளிச்சம் படாமல் கிண்ணங்களைத் தாளில் சுற்றி, செய்முறையைத் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். முதல் வரி: சொட்டு விடக் கூடாது. கீழே இரண்டு கோடு. தாடி அதைப் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் இன்னும் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை.

நவம்பர் 19

மத்தியானம் நிதானமும் நானும் என் பழைய அறையை, இப்போது தாடியின் மைக்ராஸ்கோப் இருக்கும் அறையை, தாண்டிப் போனோம். கதவு சாத்தியிருந்தது. உள்ளே டப், டப், டப்.

"நம்ம பிள்ளைங்க" என்று சொல்லிக்கொண்டே நிதானம் நடந்தார். நான் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.