புளியின் பச்சை வாசனை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. போனில் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும் என்பதால் எழுதுகிறேன். எழுதினால் கொஞ்சம் நிதானமும் வரும்.

உன் கட்டுரை வந்த பத்திரிகையை மாடிவீட்டு டீச்சர்தான் கொண்டுவந்தார். "பெரியவ உங்களைப் பத்தி எழுதியிருக்கா. கண்ணாடியத் தேடாதீங்க, நானே படிக்கறேன்" என்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அப்படி ஒரு சிரிப்பு. மூன்றாவது பத்தியை டீச்சர் தயங்கித் தயங்கிப் படித்தார். மூக்கில் வாசனையே தெரியாமல் போன பிறகும் என் அம்மா சமைக்கிறாள் என்ற இடம் அது. அம்மா டீச்சரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

வீட்டில் யாரும் இல்லாத அன்று போனில் உன்னிடம் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்கலாம். அதனால் திரும்பச் சொல்கிறேன். போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு ஒருநாள் அம்மா வெந்தயத்தைக் கருக விட்டாள். வீடே நாறியது. அவள் மட்டும் கரண்டியால் நிதானமாகக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அம்மா கருகிய வாணலியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு அம்மா, "இங்கயே உக்காந்து படியேன். வெளிச்சம் நல்லா இருக்கு" என்றாள். நம் அடுப்படியில் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும் என்பது உனக்குத் தெரியும்.

அம்மா சமைக்கும்போது எதையும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. யாராவது கேட்டால், "அப்புறம் மூக்கு எதுக்கு? கண்ணாடி மாட்டவா?" என்பாள். கடுகு வெடிப்பது காதுக்குக் கேட்கும், ரசம் நுரைத்து வருவது கண்ணுக்குத் தெரியும். புளியின் பச்சை வாசனை போய்விட்டதா, தனியா வறுபட்டது போதுமா, மோர் புளித்திருக்கிறதா என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும். முக்காலியில் உட்கார்ந்து அதை நான் சொன்னேன். நேராக இல்லை. புளி கொதித்து அடங்கியதும், "அம்மா, பசிக்குது" என்பேன். பருப்பைப் போடுவாள். மோர் அதிகம் புளித்திருந்தால், "இன்னிக்கு மோர்க்குழம்பு வேண்டாமே" என்பேன். "உனக்கு வாய் நீளம்" என்று திட்டிக்கொண்டே கூட்டுக்குக் காய் நறுக்குவாள். பதினோரு மாதம் இப்படி நடந்தது. அப்பாவுக்குக்கூடத் தெரியாது. உனக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

என் முக்காலியில் உன்னை உட்காரவைத்து, வாசனை சொன்னது நீதான் என்று எழுதியிருக்கிறாய். படித்தபோது சிரிப்புதான் வந்தது. அதை விடு. கட்டுரைக்கு அப்படித் தேவைப்பட்டிருக்கும்.

டீச்சர் போனதும் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை வழக்கம்போல் புத்தகத்தோடு போனேன். "உன் ரூம்ல போய்ப் படி. இங்க கண்ணு கெட்டுப்போகும்" என்றாள். அவ்வளவுதான். ஒன்பது நாளாக அடுப்படிக் கதவு பாதி சாத்தியே இருக்கிறது.

சித்தியின் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் சாம்பார்ப் பொடி அம்மாதானே வறுத்து அரைப்பதாக இருந்தது? வெயிலில் மிளகாய்கூடக் காயவைத்தாகிவிட்டது. சித்தி போன் செய்து, "உனக்கு எதுக்குக்கா சிரமம், நான் கடையில வாங்கிக்கறேன்" என்றாளாம். அம்மா, "ஆமா, அதுதான் சுலபம்" என்று சொல்லிவிட்டு மிளகாயை உள்ளே எடுத்து வைத்தாள். நேற்று சாப்பிடும்போது அப்பாவிடம், "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாம். அப்பா, "பிரமாதம்" என்றார். ரசத்தில் புளி பச்சையாகவே இருந்தது. அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

யார் யாரோ தங்கள் வீட்டுத் துக்கத்தை எழுதியதைப் படித்து நான் அழுதிருக்கிறேன், அக்கா. அது அச்சில் வந்த அன்று அந்த வீட்டில் யாராவது பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருப்பார்கள் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். போன தடவை வந்தபோது நீயாகவே கண்டுபிடித்ததாக அம்மாவிடம் சொல்லிவிடு, என் பெயர் வரவேண்டாம் என்று கேட்கவும் நினைத்திருந்தேன். எழுத எழுத அது வேண்டாம் என்று ஆகிவிட்டது. அவளைக் கேட்காமல் உன்னிடம் சொன்னது நான். என்னைக் கேட்காமல் ஊருக்குச் சொன்னது நீ. நீ செய்தது பெரிது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அம்மாவின் கணக்கில் அவளைக் காட்டிக்கொடுத்தவள் நான் ஒருத்திதான். உன்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. "அவளுக்கு என்ன தெரியும், தூரத்துல இருக்கறவ" என்று டீச்சரிடம் சொன்னாள்.

அடுத்த மாதம் நீயும் அத்தானும் வருகிறீர்கள். வந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழாதே. மன்னிப்புக் கேட்காதே. அவள் என்ன பரிமாறினாலும், அது எப்படி இருந்தாலும், நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே. நம் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் இனி அவள் நம்பமாட்டாள். தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் போடும்மா என்று கேள். நானும் கேட்கிறேன். போடுவாளா என்று பார்ப்போம்.

நீ நன்றாக இருக்க வேண்டும். இதை மனசாரச் சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

உன் தங்கை