கழிமுகத்தில் கண்ட பிறை

1954 ஏப்ரல் 27, செவ்வாய்

உறக்கம் பிடிக்கவில்லை. இஷாத் தொழுகைக்குப் பின் என் சிறு தோணியான வத்தையைத் தள்ளிக்கொண்டு தனியே கழிமுகம் சென்றேன். ஓதம் ஏறும் வேளை. உயிருள்ள மடவையை இரையாகக் கோத்து நீரோட்டத்தில் விட்டதும் கொடுவா மீன் ஒன்று கவ்வியது. இழுத்த இழுப்பில் தூண்டில் கயிறு உள்ளங்கையை அறுத்தது.

நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தார்கள் பண்டைப் புலவர்கள். எனக்கு அங்கேதான் சற்றேனும் அமைதி.

திரும்பும்போது ஒன்றைக் கண்டேன். கரையில் பள்ளிவாசல் விளக்கு ஒன்றுதான். எனக்கு இரண்டாகத் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மனைவி ரஹ்மத் நிஷா அறிந்தால் மறுநாளே வத்தையை விற்கச் சொல்வாள்.

வாசலில் மச்சினன் உமர் பாரூக். “பகல்ல பள்ளியில கிதாபு ஓதிக் குடுக்குறீங்க, ராத்திரியில கொடுவா. எப்பதான் தூங்குவீங்க மச்சான்?”

மே 3, திங்கள். ஷஃபான் 29

கண்டேன். பொழுது விழுந்து மஃரிபுக்குச் சற்றுப் பின், நான் கடலில் இருக்கையில், மேற்கே தென்னந்தோப்பின் தலைக்கு மேல் நகக்கீற்றளவு ரமலான் பிறை. ஓதிக்கொண்டே துடுப்பு வலித்துக் கரை சேர்ந்தேன்.

ஊரில் ஒருவரும் காணவில்லை. கரையிலிருந்து பார்த்தால் தாழ்ந்த பிறையைத் தோப்பு மறைத்துவிடும். பிறையைத் தீர்மானிக்கும் ஊர்க் காஜியார் என்னை அமரவைத்துக் கேட்டார்.

“கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்சுச்சா லெப்பை?”

“கண்டேன்.”

“போதும். நீங்க சொன்னா வேற ஆளு வேணாம்.”

ரமலான் தொடங்க நேர்மையாளர் ஒருவரின் சாட்சி போதும் என்பது எங்கள் மத்ஹபு வகுத்த மார்க்கச் சட்டம். பள்ளியில் நகரா முரசு முழங்கியது.

மே 4

தெற்கிலும் வடக்கிலும் எந்த ஊரிலும் பிறை தெரியவில்லையாம். அவர்களுக்கு நாளைதான் நோன்பு.

உமர் சிரிக்கிறான்: “மச்சான் புண்ணியத்துல சுத்துப்பட்டுல நமக்குத்தான் மொதப் பசி.”

மே 6

கண்டது கண்ணா, ஆவலா?

மே 14, வெள்ளி

நோன்பிரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்து கடலுக்குப் போனேன். கண்ணைச் சோதிக்கவே போனேன் என்பதை இங்கே மறைப்பானேன்?

வளர்நிலவைப் பார்த்தேன். அதன் விளிம்பில் இன்னொரு நிலவு ஒட்டிக்கொண்டிருந்தது. இடக்கண்ணைப் பொத்தினால் ஒன்று. வலக்கண்ணைப் பொத்தினால் இரண்டு. அன்று மாலை எந்தக் கண் பார்த்தது?

அப்போது பெரியதொரு கொடுவா கவ்வியது. வத்தையோரம் வரை கொணர்ந்துவிட்டேன். அரிக்கேன் வெளிச்சத்தில் கொடுவாவின் கண்கள் தணல்போல் சிவந்து ஒளிரும். எனக்கு இரு தலைகள் தெரிந்தன. கொக்கிக்கோலை ஓங்கிக் குத்தினேன் — வெறும் தண்ணீர். செவுளின் கூரில் கயிறு அறுந்து மீன் போயிற்று.

யா அல்லா, என்ன செஞ்சுட்டேன்? கண்ணுல உள்ள கீறலை நெலான்னு சொல்லி ஊரையே பட்டினி போட்டேனா? காஜியார் கண்ணைப் பத்தித்தானே கேட்டாரு! அதுக்கு மட்டும் பதில் சொல்லலையே நான்.

ஜூன் 1, செவ்வாய்

எங்கள் கணக்கில் இருபத்தொன்பதாம் நோன்பு. வானம் துடைத்தாற்போல் இருந்தது. பிறை இல்லை.

நாளை முப்பது முடிகிறது; அதற்கு மேல் மாதத்துக்கு நாள் இல்லை. நாளையும் தெரியாவிட்டால் என் சாட்சி பொய்யென்று ஊருக்கே விளங்கிவிடும். அதன்பின் எந்த வாயால் மிம்பர் மேடையின் கீழே உட்கார்ந்து வேதத்துக்கு உரை சொல்வேன்?

ஜூன் 2

பள்ளிவாசல் மாடியில் ஊரே நின்றது. திடீரென ஒரே ஆரவாரம்.

உமர் என் தோளைப் பிடித்துத் திருப்பினான். “அந்தா மச்சான், ஒத்தப் பனைக்கு அங்கிட்டு! எம்புட்டுப் பெரிசு!”

காஜியார் கட்டித் தழுவினார். “லெப்பை வாக்கு பொய்க்குமா?”

எல்லாரோடும் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னேன். எனக்குத் தெரிந்தது வெறும் மஞ்சள் வானம்.

ஜூன் 3. பெருநாள்

தொழுகைக்கு முன்பே காஜியாரைத் தனியே அழைத்து அனைத்தையும் சொன்னேன். இனிப் பிறை விஷயத்தில் என் சாட்சியை ஏற்கவேண்டாம் என்றேன்.

“அன்னைக்கு நீங்க பாத்தது?”

“அறியேன்.”

என் கையைப் பற்றிக்கொண்டார். பிறகு, “நேத்துப் பிறையை ஊரே பாத்துச்சு. பெருநாளுக்குப் பழுதில்ல. ஆனா அன்னைக்கே கண்ணைச் சொல்லியிருக்கலாம் லெப்பை” என்றார். வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குள் ரஹ்மத் நிஷாவுக்குச் செய்தி எட்டிவிட்டது. “இனித் தனியாக் கடலுக்குப் போனீங்க, வத்தையை அடுப்புல வச்சு எரிச்சிருவேன்!”

நவம்பர் 19, வெள்ளி

உமர் புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் அழைத்துச் சென்றான். கண்புரை முற்றட்டும், பிறகு அறுக்கலாம் என்கிறார் வைத்தியர்.

இப்போது வத்தையில் இருவர். அவன் துடுப்பும் கோலும் பிடிக்கிறான். கயிறு என் விரலில். இவன் பேச்சுக்கு எந்த மீன் நிற்கும்? போன வாரம் கழியில் திமிங்கிலம் ஒதுங்கியிருப்பதாகச் சொல்லி அரை ஊரை ஓடவிட்டவன். போய்ப் பார்த்தால் கவிழ்ந்து கிடந்த பழைய தோணி.

1955 ஏப்ரல் 23, சனி. ஷஃபான் 29

அந்தியில் கழிமுகத்தில் இருந்தோம். கரைமேல் மேகம். உமர் பேச்சைப் பாதியில் நிறுத்தினான்.

“மச்சான். பிறை.”

நான் பார்க்க முயலவில்லை. தோப்புக்கு மேல் எவ்வளவு உயரம், கொம்பு எப்பக்கம் சாய்ந்திருக்கிறது, மேகத்துக்குள் போக எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்றுக்கும் அவன் சிரிக்கவில்லை. ஒன்றிலும் முரணவில்லை.

காஜியார் முன் நின்று சொன்னான். கூட்டத்தில் எவனோ, “திமிங்கிலம் இல்லியே, நல்லாப் பாத்தியா?” என்றான். பள்ளியே சிரித்தது. “நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் இவன் சொல்வது உண்மை” என்றேன். காஜியார் தயங்கினார், பின் இயலாது என்று தலையசைத்தார். நாளை மறுநாள்தான் ஊருக்கு நோன்பு.

உமர் வீடுவரை கூட வந்தான். வாசற்படியில் நின்று, “நீங்களாச்சும் நெசமா நம்புறீங்களா மச்சான்?” என்றான். அவன் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை.

கண்டவனுக்கு நோன்பு கடமை. கண்டவனை உண்மையாளன் என்று நம்புகிறவனுக்கும் அது கடமை.

உள்ளே ரஹ்மத் நிஷா விடியுமுன் உண்ணும் சஹருக்கு அரிசி களைந்துகொண்டிருக்கிறாள். மூன்று பேருக்கு.