காதர் மாமா திரும்பத் திரும்பச் சொன்னது

ஞாயிறு, ராஜபாளையம்

அக்காவின் முனைவர் பட்ட ஆய்வுக்காக, விறகு பாய்லரை விட்டுச் சூரிய மின்சாரத்துக்கு மாறும் ஆலைகளில் எடுத்த பேட்டிகளை நான்தான் தட்டச்சு செய்தேன். பாய்லர் ஓட்டும் காதர் மாமா ஒவ்வொரு பதிலிலும், "பாய்லரை மூடிட்டா நாங்க எங்க போக?" என்றார். பள்ளிக் கட்டுரையில் ஒரே வரியை அப்படித் திரும்ப எழுதினால் டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டினேன். எல்லாருடைய பேட்டியிலும் அப்படியே செய்தேன்.

அக்காவின் கம்ப்யூட்டர், எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணித்தான் முடிவு சொல்லுமாம். இன்று சொன்னது: தொழிலாளர்களுக்குப் பெரிய கவலை இல்லை.

"ஏட்டி, அவிய அழாத குறையாச் சொன்னதை எதுக்கு வெட்டுன?"

"நல்லா இருக்கட்டும்னுதான்க்கா."

"யாருக்கு?"

கம்ப்யூட்டர் எண்ணும் என்று அக்கா முன்பே சொல்லியிருக்கலாமே! எரிச்சலோடு ஆடியோவை முதலிலிருந்து கேட்கிறேன். மூன்றாம் முறை சொல்லும்போது மாமாவின் குரல் கம்முகிறது. அன்று இதைக் கேட்டுக்கொண்டேதான் வெட்டியிருக்கிறேன்.